ஜலூலின் கையும் எட்டுக் கோடிப் புள்ளிகளும்

ஜலூல் அண்ணன் மாட்டிய கேபிளை ஸ்ஃபாக்ஸ் ஊரில் யாரானாலும் அடையாளம் சொல்லிவிடுவார்கள். இணைப்பு முனையில் கறுப்பு டேப் ஒரு சுற்று, அதை ஒட்டி வெள்ளை டேப் ஒரு சுற்று. எங்கள் ஊர்க் கால்பந்து அணியின் நிறம். பாதி ஊரின் மொட்டைமாடியில் டிஷ் ஆண்டெனா மாட்டிக்கொண்டு அலைந்த காலத்திலேயே ஆரம்பித்த பழக்கம். அணி தோற்ற வாரத்தில் கறுப்பு மட்டும்தான் சுற்றுவார் என்று ஒரு பேச்சு உண்டு. பொய். ஆறு வருடம் பக்கத்து மேஜையில் இருந்து பார்த்தவள் நான். எந்த வாரமும் ஒரு சுற்றுக்கு ஒரு சுற்றுதான்.

ஐம்பத்து நாலு வயது. குட்டையான, தோள் அகன்ற மனிதர். சட்டைப் பையில் வறுத்த பூசணி விதை எப்போதும் இருக்கும். கொறித்துக்கொண்டே பேசுவார், பேசிக்கொண்டே வேலை செய்வார். இரண்டு பெண்களையும் கட்டிக்கொடுத்தாகிவிட்டது. இனிமேல் வீட்டோடு இருக்கலாமே என்று அவர் மனைவி ஸுஹ்ரா கேட்டால், வீட்டில் இருந்தால் மூன்றாம் நாள் உன் பாத்திரங்களையெல்லாம் கழற்றி மாட்ட ஆரம்பித்துவிடுவேன், பரவாயில்லையா என்பாராம்.

எங்கள் அலுவலகத்தில் ஆறு பேர். டயர் கடைக்கு மேலே ஒரு மாடி. காலை பத்து மணிக்குப் புதினா போட்ட சிவப்புத் தேநீர் ஜலூல் அண்ணன் கையால்தான் வரும். ஆறு கண்ணாடிக் கிளாஸ், ஆறும் விளிம்பு வரை. குறைத்து ஊற்றினால் கஞ்சன் வீட்டுத் தேநீர் என்பார். அந்தத் தட்டை ஒற்றைக் கையில் ஏந்தி, தரையில் கிடக்கும் ஒயர்களைத் தாண்டி, ஒரு சொட்டுச் சிந்தாமல் எங்கள் மேஜைக்குக் கொண்டுவருவார். இரண்டு வருடத்துக்கு முன் காபெஸ் ஊரில் ஏணியிலிருந்து விழுந்து வலது மணிக்கட்டு முறிந்தது. எட்டு வாரம் மாவுக்கட்டு. கட்டைப் பிரித்த மறுநாள் வலது கையிலேயே தட்டைத் தூக்கிக்கொண்டு வந்தார். நாங்கள் கைதட்டினோம்.

அந்தக் கை கெட்டுப்போய்விட்டது என்று ஒரு கோடையில் வாரக்கணக்கில் எல்லோரும் நம்பினோம். நம்பவைத்தவள் நான். அதனால்தான் இதை நான் சொல்கிறேன்.

நாங்கள் செய்வது திரைகள். லுவாஜ் நிலையங்களுக்கான திரை. லுவாஜ் என்றால் எட்டு இருக்கையும் நிரம்பினால் கிளம்பும் வேன். எந்த ஊருக்கு எந்த வேனின் முறை, இன்னும் எத்தனை இருக்கை பாக்கி என்று திரையில் ஓடும். திரை இருந்தால் வேன்காரர்கள் அமைதியாகச் சீட்டாடுவார்கள். திரை போய்விட்டால் யார் முறை என்று சட்டையைப் பிடித்துக்கொள்வார்கள்.

அந்தத் திரையை ஓட்டும் நிரலை எழுதுவது என் வேலை. எங்கள் தொழிலில் அதற்கு டிரைவர் என்று பெயர். இந்தக் கதையில் வேன் ஓட்டுகிறவர்களே போதுமான அளவு இருக்கிறார்கள் என்பதால் நிரல் என்றே வைத்துக்கொள்கிறேன். திரை என்பது புள்ளிகள். ஒவ்வொரு நொடியும் இத்தனை புள்ளி என்று ஒரு சின்ன மின்னணுச் சில்லு திரைக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். எங்கள் சில்லு நொடிக்கு எட்டுக் கோடிப் புள்ளி வரை அனுப்பலாம், அதற்கு மேல் கூடாது என்று அதைச் செய்தவர்களின் கையேட்டில் போட்டிருக்கிறது. திரை தன்னால் எந்தெந்த வேகத்தில் ஓட முடியும் என்று ஒரு பட்டியல் நீட்டும். நிரல் அதை ஒவ்வொன்றாகப் பார்த்து, வரம்பைத் தாண்டுவதைத் தள்ளிவிட்டு, மிச்சத்தில் சிறந்ததை எடுத்துக்கொள்ள வேண்டும். தள்ளுவதற்கான அந்தச் சோதனையை எழுதியவள் நான். மூன்று வருடமாக ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு அதில் கொஞ்சம் பெருமையும் உண்டு. வேறு பல கம்பெனிகளில் அந்தச் சோதனையே கிடையாது.

அந்த வருடம் மார்ச்சில் பழைய திரைகள் சந்தையில் கிடைக்காமல் போய், புது வகை வாங்கினோம். கூர்மையான படம். எல்லோருக்கும் பிடித்துவிட்டது. ஏப்ரலில் ஜலூல் அண்ணன் கஃப்ஸா ஊரின் லுவாஜ் நிலையத்தில் ஒரு புதுத் திரையை மாட்டிவிட்டு வந்தார். ஏப்ரல், மே, ஜூன் மூன்று மாதமும் ஒரு குறை இல்லை.

ஜூலை முதல் வாரம் கஃப்ஸா நிலையத்தின் மேற்பார்வையாளர் பெல்காஸிம் போன் செய்தார். திரை நேற்றுக் கிழிந்து கிழிந்து ஆடியது, பிறகு கறுத்துப்போனது, வேன்காரர்கள் இரண்டு பேர் மூக்கில் ரத்தம் என்றார். ஜலூல் அண்ணன் விடியற்காலை முதல் வேனைப் பிடித்து எட்டு மணிக்கு அங்கே இறங்கினார். திரை பளிச்சென்று ஓடிக்கொண்டிருந்தது. ஓடுகிற திரையில் எதைச் சரிசெய்வது? இருந்தாலும் கேபிளை மாற்றி, முனையில் இணைப்பியை இடுக்கியால் புதிதாக அடித்து, கறுப்பும் வெள்ளையும் சுற்றிவிட்டு, பத்து மணி வேனில் திரும்பினார். மறுநாள் காலை பெல்காஸிமின் போன். நேற்றும் போய்விட்டதாம்.

இரண்டாவது முறை போனார். மூன்றாவது முறை போனார். அவர் இருக்கும்போது ஓடும், வந்த பிறகு போய்விடும். நீங்கள் வந்தால் மட்டும் அது பயந்து ஒழுங்காக நடந்துகொள்கிறது, பேசாமல் இங்கேயே ஒரு வீடு பார்த்துக் குடியேறிவிடுங்கள் என்று கஃப்ஸா வேன்காரர்கள் கிண்டலடித்தார்களாம். தோற்கிற அணியின் டேப்பைச் சுற்றினால் திரையும் தோற்கத்தான் செய்யும் என்றும் ஒருவன் சொன்னானாம். முதல் இரண்டு தடவை இதையெல்லாம் அண்ணனே எங்களிடம் சொல்லிச் சிரித்தார். மூன்றாவது தடவை எதுவும் சொல்லவில்லை.

எங்கள் முதலாளி ஸுஹேர் கெட்டவர் அல்ல. ஆனால் கஃப்ஸாவுக்குப் பிறகு இன்னும் பதினைந்து நிலையங்கள் எங்களுக்கு வரவேண்டியிருந்தன. முதல் நிலையத்திலேயே பெயர் கெட்டால் மற்றவை வராது. அவர் என்னைத் தன் கண்ணாடி அறைக்குள் கூப்பிட்டு, நிரலில் ஏதாவது இருக்குமா என்று கேட்டார். எனக்கு மூக்கின் நுனியில் கோபம் வந்துவிட்டது. அது எப்போதும் அங்கேதான் இருக்கிறது.

"வரம்பத் தாண்டுற எந்த வேகத்தையும் என் நிரல் உள்ள விடாது சார். அதுக்குன்னே செக் போட்டிருக்கேன், வேணும்னா காட்டுறேன். இங்க என் டெஸ்ட் பெஞ்சுல அதே திரை தினம் ஓடுது, ஒரு நாளாவது போச்சா? கேபிளப் பாருங்க. அதவிட, அந்தக் கையப் பாருங்க. முறிஞ்ச கை சார்."

சொல்லும்போது குரலைக்கூட நான் தாழ்த்திக்கொள்ளவில்லை. சோதனை இருக்கிறது என்பது எனக்குத் தெரியும். அது சோதிக்கிறதா என்பதை நான் பார்க்கவில்லை. இந்த இரண்டும் வேறு வேறு என்று அன்றைக்கு யாராவது சொல்லியிருந்தால் அவரையும் கடித்துக் குதறியிருப்பேன்.

முதலாளி ஜலூல் அண்ணனைக் கூப்பிட்டார். இன்னொரு தடவை போய்வாருங்கள், இதுவும் சரிப்படவில்லை என்றால் ஆகஸ்ட் கடைசியோடு வேறு ஆள் பார்த்துக்கொள்கிறேன் என்றார். அண்ணன் தலையை ஆட்டிவிட்டு வந்து தன் மேஜையில் உட்கார்ந்தார். பூசணி விதையை எடுக்கவில்லை.

அதற்கு அடுத்த நாள்தான் நான் தேநீரைக் கவனித்தேன். ஆறு கிளாஸும் முக்கால்தான் இருந்தன. அதற்கு மறுநாள் பாதி. தட்டை இரண்டு கையாலும் பிடித்திருந்தார், கண் கிளாஸைவிட்டு அகலவில்லை. அப்படியும் கிளாஸ்கள் ஒன்றோடொன்று மோதிக் கிணுகிணுத்தன. கணக்குப் பார்க்கும் ஸாமியா என்ன அண்ணே, நீங்களும் கஞ்சனாகிவிட்டீர்களா என்று கேட்டாள். அவர் சிரிக்க முயன்றார். பிறகு தட்டைச் சமையல் மூலையில் வைத்துவிட்டு, இனிமேல் அவரவர் வந்து எடுத்துக்கொள்ளுங்கள் என்றார்.

நான்காவது முறையாகக் கஃப்ஸா போய்விட்டு வந்தார். இந்தத் தடவை ஒரு முனையை நான்கு முறை அடித்துப் பிரித்து, திரும்ப அடித்ததாகச் சொன்னார். தன் வேலையை அவர் நான்கு முறை சரிபார்த்ததாக நான் கேள்விப்பட்டதே இல்லை. "கையிலதான் ஏதோ ஆகிப்போச்சும்மா," என்றார் என்னிடம். "எனக்குத் தெரியுது. புடிக்கும்போதே புடி இல்ல." நான் என்ன சொன்னேன் தெரியுமா? டாக்டரிடம் காட்டுங்கள் அண்ணே என்றேன். அக்கறையாகத்தான் சொன்னேன். இன்றைக்கு நினைத்தாலும் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது.

மறுநாள் காலை எட்டு மணிக்குப் பெல்காஸிமின் போன் வந்தது. எடுத்தவள் நான். அவர் இப்போது கத்துவதைத் தாண்டி நக்கலுக்கு வந்திருந்தார்.

"ஏம்மா, உங்க திரையும் அரசாங்க உத்தியோகமா? கோடைக்கு ஒரு வேளை வேலைதானா அதுக்கும்? மத்தியானமானா மூட்டையக் கட்டிக்கிட்டு வீட்டுக்குப் போயிடுது. செப்டம்பர்ல ரெண்டு வேளையும் வருமான்னு கேட்டுச் சொல்லு. எங்க பசங்க அதுவரைக்கும் சண்ட போடாம இருக்கச் சொல்றேன்."

நான் பதிலுக்கு நாலு வார்த்தை கொடுத்துவிட்டுப் போனை வைத்தேன். முதலாளிக்கு விஷயம் போயிற்று. அவர் ஜலூல் அண்ணனை அழைத்துக் கதவைச் சாத்திக்கொண்டார். ஐந்து நிமிடம். வெளியே வந்த அண்ணன் தன் கருவிப் பெட்டியைத் திறந்து, தன்னுடையதையும் கம்பெனியினுடையதையும் தனித்தனியாகப் பிரித்து வைக்க ஆரம்பித்தார். ஆகஸ்ட் முடிய இன்னும் ஒரு மாதம் இருந்தது. அவர் அன்றைக்கே பிரித்தார்.

எங்கள் நாட்டில் ஜூலையும் ஆகஸ்டும் ஒரு வேளை வேலைதான். காலை எட்டு மணிக்கு ஆரம்பித்தால் மதியம் இரண்டுக்குக் கதவைப் பூட்டிவிடுவோம். பிறகு சாப்பாடு, தூக்கம், சாயங்காலம் கடற்கரை. வெயில் காலத்தில் பிற்பகல் வேலை செய்ய வேண்டும் என்று யாருக்கும் தோன்றக்கூடத் தோன்றாது. அன்றைக்கும் இரண்டு மணிக்கு எல்லோரும் படி இறங்கினோம். டயர் கடையின் வாசலைத் தாண்டிக் காலை வெளியே வைத்தேன். ரொட்டி அடுப்பைத் திறந்ததுபோல் வெயில் முகத்தில் அடித்தது. தினமும் அடிப்பதுதான். அன்றைக்கு மட்டும் நான் நின்றுவிட்டேன்.

மத்தியானமானால் வீட்டுக்குப் போய்விடுகிறது.

பெல்காஸிம் நக்கலடிக்கவில்லை. நடப்பதைச் சொல்லியிருக்கிறார். ஒரு மாதமாக அவரிடம் எத்தனை தடவை போயிற்று என்று கேட்டோம், எத்தனை மணிக்கு என்று ஒருவரும் கேட்கவில்லை. பிற்பகலில் போன திரைக்கு அவரால் மறுநாள் காலையில்தான் போன் செய்ய முடியும், ஏனென்றால் பிற்பகலில் இங்கே எடுக்க ஆள் இல்லை. ஜலூல் அண்ணன் எட்டு மணிக்குப் போய்ப் பத்து மணிக்குத் திரும்பினார். என் பெஞ்சிலிருக்கும் திரை எட்டிலிருந்து இரண்டு வரை ஏசியில் ஓடியது. கோடைகாலப் பிற்பகல் மூன்று மணிக்கு அந்தத் திரை எப்படி இருக்கும் என்று எங்கள் கம்பெனியில் ஒரு ஆத்மாவும் பார்த்ததில்லை.

ஷட்டரை இழுத்துக்கொண்டிருந்த முதலாளியிடம் சாவியைக் கேட்டேன். எதை மறந்தாய் என்றார். தெரியவில்லை, பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன். ஜலூல் அண்ணன் கருவிப் பெட்டியோடு தெருவில் நின்றுகொண்டிருந்தார். மேலே வாருங்கள் அண்ணே என்றேன். எதற்கு என்று கேட்காமல் வந்தார். அந்த மனிதர் எதற்கு என்று கேட்காமல் எதையும் செய்ததில்லை.

ஏசியை நிறுத்தினேன். கஃப்ஸாவில் இருப்பதுபோலவே சில்லுப் பலகையைத் தகரப் பெட்டிக்குள் வைத்து மூடி, மேற்குச் சன்னலைத் திறந்து வெயிலில் நகர்த்தினேன். அண்ணனின் கேபிளைக் கழற்றிவிட்டு, பெட்டியிலேயே அடைத்து வந்த தொழிற்சாலைக் கேபிளைப் பிரித்து மாட்டினேன். அவர் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். 

இருவரும் உட்கார்ந்தோம். வியர்வை முழங்கையில் சொட்டியது. என் பையில் இருந்த, டூனா மீன் அடைத்த ஃப்ரிகாஸே பன்னைப் பாதியாகப் பிய்த்துக் கொடுத்தேன், வாங்கி மேஜையில் வைத்துக்கொண்டார். மூன்று மணி. ஒன்றும் இல்லை. மூன்று பத்து. திரையில் கஃப்ஸா, டோஸர் என்று ஊர்ப் பெயர்கள் அழகாக ஓடிக்கொண்டிருந்தன.  இப்படியே ஓடிக்கொண்டிருந்தால் இந்த மனிதருக்கு என்ன சொல்லுவேன்?

மூன்று இருபதுக்கு எழுத்துகளின் ஓரம் நடுங்கியது. பிறகு படம் குறுக்கே கிழிந்தது. கிழிந்த பகுதி மேலே உருண்டது. கறுத்துப்போனது.

"இது என் கேபிள் இல்லையே," என்றார் ஜலூல் அண்ணன், மெதுவாக.

"இல்லண்ணே. கம்பெனிப் பெட்டியில வந்தது."

அவர் எழுந்து திரையின் பக்கத்தில் போய் நின்றார். நான் கணினியைத் திறந்து, நிரல் எந்த வேகத்தைத் தேர்ந்தெடுத்திருக்கிறது என்று பார்த்தேன். நொடிக்கு எட்டுக் கோடியே ஐம்பத்தைந்து லட்சம் புள்ளி. வரம்பு எட்டுக் கோடி. தள்ளப்பட்டிருக்க வேண்டிய வேகம் உள்ளே உட்கார்ந்து ஓடிக்கொண்டிருக்கிறது. குளிர்ச்சியாக இருக்கும்வரை சில்லு எப்படியோ மூச்சுப் பிடித்துச் சமாளித்திருக்கிறது, சூடு ஏறியதும் கைவிட்டுவிட்டது. அப்படியென்றால் என் சோதனை என்ன செய்துகொண்டிருந்தது?

நிரலைத் திறந்தேன். ஒரே வரி. மூன்று வருடத்துக்கு முன் நான் எழுதிய வரி. திரை தன் வேகத்தை ஆயிரக்கணக்கில் சொல்லும். எண்பத்தைந்தாயிரத்து ஐந்நூறு என்று சொன்னால் அத்தனை ஆயிரம் புள்ளி என்று அர்த்தம். நான் வரம்பை ஒவ்வொரு புள்ளியாக எண்ணி எட்டுக் கோடி என்று எழுதி வைத்திருந்தேன். எண்பத்தைந்தாயிரம் எட்டுக் கோடியைவிடப் பெரிதா என்று என் சோதனை ஒவ்வொரு தடவையும் கேட்டது. இல்லை என்று பதில் வந்தது. சரி, உள்ளே போ என்றது. எட்டரைக் கோடி என்ன, ஐந்நூறு கோடிப் புள்ளி என்று சொல்லிக்கொண்டு ஒரு திரை வந்திருந்தாலும் வணக்கம் வைத்து உள்ளே அனுப்பியிருக்கும். பழைய திரைகளின் பட்டியலில் வரம்புக்குக் கீழே இருக்கும் ஒரே ஒரு வேகம்தான் இருந்தது. தள்ள வேண்டியது எதுவும் மூன்று வருடமாக வரவில்லை. அதனால் அதற்குத் தள்ளத் தெரியாது என்பதும் யாருக்கும் தெரியவில்லை.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ஒரு நிமிடம் எனக்கு வேறொரு யோசனை வந்தது. வரியைத் திருத்திவிடலாம். சூடு காரணம், சரிசெய்துவிட்டேன் என்று முதலாளியிடம் சொல்லலாம். நிரல் படிக்கத் தெரிந்த வேறு ஆள் அங்கே கிடையாது. அண்ணனின் வேலையும் மிஞ்சும், என் பெயரும் மிஞ்சும். திரும்பிப் பார்த்தேன். ஜலூல் அண்ணன் கறுத்த திரைக்கு முன்னால் நின்று, வலது கையை விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மூடினார். மறுபடி விரித்தார்.

"அண்ணே, தப்பு என்னுது," என்றேன். "மூணு வருஷமா என்னுது. காவலுக்கு ஒரு ஆள நிறுத்துனேன். அவனுக்கு யாரையும் வேண்டாம்னு சொல்லத் தெரியல. நான் பாக்கவே இல்ல."

அவர் நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். ஆயிரக் கணக்கையும் கோடிக் கணக்கையும் ஒரு காகிதத்தில் எழுதிக்கூடக் காட்டினேன். காகிதத்தை அவர் பார்த்த மாதிரி தெரியவில்லை.

"அப்ப என் கை?"

"கைக்கு ஒண்ணுமில்லண்ணே. என்னைக்குமே ஒண்ணுமில்ல."

நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.  பிறகு சொன்னதை அவர் கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"அன்னைக்கு நீ சார் ரூம்ல பேசும்போது கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான் ஸ்க்ரூ எடுத்துட்டிருந்தேன்மா. 'அந்தக் கையப் பாருங்க'ன்ன. நானும் அதத்தான் பாத்துட்டிருந்தேன். சாப்பிடும்போது, சட்டைக்குப் பட்டன் போடும்போது, பல்லு விளக்கும்போது. பாக்கப் பாக்க நடுங்க ஆரம்பிச்சிடுச்சு. ஸுஹ்ரா சொன்னா, பாக்காதீங்க, நின்னுடும்னு. எப்படிம்மா பாக்காம இருக்கறது?"

நான் அழுதேன். கோபக்காரிகளுக்கு அழுகை அவ்வளவு சுலபமாக வராது, வந்தால் அசிங்கமாக வரும். அவர் தன் பையிலிருந்து பூசணி விதையை எடுத்து என் முன் கொஞ்சம் கொட்டினார். தனக்குக் கொஞ்சம் எடுத்துக்கொண்டார். "நாலு தடவ கஃப்ஸா," என்றார் கொறித்துக்கொண்டே. "அந்த வேனு சீட்டுல முதுகு தேஞ்சுபோச்சு. அந்தப் பசங்க என் டீமத் திட்டுனதையும் சேத்துக்க. அஞ்சாவது தடவ நீயும் வர." பிறகு மேஜையிலிருந்த பாதி ஃப்ரிகாஸேயை எடுத்து இரண்டே கடியில் முடித்தார்.

அந்த வரியை அங்கேயே திருத்தினேன். எட்டுக் கோடி என்பது, திரை பேசும் ஆயிரக் கணக்கில், எண்பதாயிரம் ஆயிற்று. அதோடு நிற்கவில்லை. எண்பதாயிரத்தைக் கொடுத்தேன், ஏற்றுக்கொண்டது. எண்பதாயிரத்து ஒன்றைக் கொடுத்தேன். வேகம் அதிகம், முடியாது என்று திரும்பி வந்தது. மூன்று வருடத்தில் என் சோதனை சொன்ன முதல் முடியாது. அப்பாடா என்று வாய்விட்டுச் சொன்னேன். ஒருவர் முடியாது என்று சொல்லி எனக்கு வயிற்றில் பால் வார்த்தது அன்றைக்குத்தான். புதுத் திரையின் பட்டியலில் இரண்டு வேகங்கள் இருந்தன. பெரியதைத் தள்ளிவிட்டு, நிரல் ஏழு கோடி நாற்பத்திரண்டரை லட்சத்தில் இறங்கி உட்கார்ந்தது. தகரப் பெட்டி கையை வைக்க முடியாமல் சுட்டது. திரை நான்கு மணிக்கும் ஓடியது, ஐந்துக்கும் ஓடியது.

மறுநாள் காலை முதலாளியின் கண்ணாடி அறையில், கதவைத் திறந்தே வைத்துக்கொண்டு, எல்லோர் காதிலும் விழும்படி சொன்னேன். அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், திட்டியிருக்கலாம். எழுந்து வெளியே போய் ஜலூல் அண்ணன் மேஜைக்கு எதிரே நின்று, நேற்றுச் சொன்னதை நான் சொல்லவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள் என்றார். அண்ணன், எதைச் சொன்னீர்கள், எனக்கு ஞாபகமே இல்லையே என்றார். பிரித்து வைத்த கருவிகள் மறுபடி ஒரே பெட்டிக்குள் போயின.

எனக்கும் தண்டனை கிடைத்தது. இனிமேல் கோடையில் ஒருவர் முறைவைத்து நான்கு மணி வரை இருக்க வேண்டும் என்று முதலாளி உத்தரவு போட்டார். முதல் முறை என்னுடையது. அது ஆகஸ்ட் முழுக்க.

அந்த வெள்ளிக்கிழமை நாங்கள் இருவரும் கஃப்ஸா போனோம். காலையில் இறங்கி நிரலை மாற்றிவிட்டு, வழக்கம்போல் பத்து மணி வேனில் ஏறாமல் நிலையத்திலேயே உட்கார்ந்துகொண்டோம். வேன்காரர்களுக்கு ஆச்சரியம். ஏன், ஸ்ஃபாக்ஸில் வீட்டை விட்டுத் துரத்திவிட்டார்களா என்று கேட்டார்கள். மதியம் வெப்பம் நாற்பத்தாறைத் தொட்டது. பெல்காஸிம் பிளாஸ்டிக் நாற்காலியைத் திரைக்கு எதிரே போட்டுக்கொண்டு, கையைக் கட்டிக்கொண்டு அது எப்போது வீட்டுக்குப் போகும் என்று காத்திருந்தார். மூன்று, மூன்றரை, நான்கு. டோஸருக்கு ஒரு வேன் போயிற்று, ஸ்ஃபாக்ஸுக்கு இரண்டு. யாரும் யார் சட்டையையும் பிடிக்கவில்லை.

நாலே காலுக்குப் பெல்காஸிம் கண்ணைச் சுருக்கினார். "எழுத்து முன்ன மாதிரி கூரா இல்லையே. கொஞ்சம் தடிச்சிருக்கே."

"ஆமா," என்றேன். "இப்ப அதால முடிஞ்சதத்தான் செய்யுது."

"அது போதும்," என்றவர் ஜலூல் அண்ணன் பக்கம் திரும்பி, அப்படியென்றால் இத்தனை நாளும் கேபிளில் ஒன்றுமே இல்லையா என்று கேட்டார்.  நான்தான் சொன்னேன், அந்த நிலையத்தில் இருந்த எல்லோருக்கும் கேட்கும்படி. ஒன்றுமே இல்லை, நான்கு தடவை மாட்டியதும் நான்கு தடவையும் சரி, தப்பு முழுக்க என்னுடையது என்று. டேப்பைக் கிண்டல் செய்த வேன்காரன் எழுந்து வந்து அண்ணனுக்கு ஒரு குளிர்ந்த சோடா வாங்கிக் கொடுத்தான். உங்கள் அணியைப் பற்றிச் சொன்னதை மட்டும் திரும்பப் பெறமாட்டேன் என்றான். திரும்பப் பெற வேண்டாம், அதை நானே சொல்வதுண்டு என்றார் அண்ணன்.

திங்கட்கிழமை பத்து மணிக்குச் சமையல் மூலையில் கிளாஸ் சத்தம் கேட்டது. அவரவர் போய் எடுத்துக்கொள்ளும் வழக்கத்தில் நான் எழுந்தேன். ஸாமியாவும் எழுந்தாள். உட்காருங்கள் என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. ஒயர்களைத் தாண்டி ஜலூல் அண்ணன் வந்தார். வலது கையில் தட்டு, இடது கை பின்னால். ஆறு கிளாஸும் விளிம்பு வரை. அவர் கிளாஸ்களைப் பார்க்கவில்லை, எங்களைப் பார்த்து முந்தைய நாள் ஆட்டத்தில் நடுவர் செய்த அநியாயத்தைச் சொல்லிக்கொண்டே வந்தார். நான் மட்டும் அந்தத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் மேஜைக்கு வந்து கிளாஸை வைத்தபோது அதில் புதினா இலை அசையக்கூட இல்லை.

"என்னம்மா, கையப் பாக்கறியா?" என்றார்.

"ஆமாண்ணே."

"நல்லாப் பாரு," என்று சொல்லிவிட்டு அடுத்த மேஜைக்குப் போனார்.